மறுபாதியும் அதேதான்

என் மாமா சந்திரமோகன் இருபது வருஷத்துக்கு மேலாகக் கப்பல்களோடு மல்லுக்கட்டி வருகிறார். எல்லாம் பாதிக் கப்பல்கள். வலது பாதி மட்டும். இடது பாதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஹப்சிகுடாவில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். கப்பல் கட்டுகிறவர்கள் ஒரு வடிவத்தை அனுப்புவார்கள். அது தண்ணீரில் போனால் தண்ணீர் எப்படி விலகும், எங்கே சுழலும், கப்பலை எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் தொழில். கப்பலைச் சுற்றியுள்ள தண்ணீரை லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாக நறுக்குவார்கள். அந்த வலைக்கு மெஷ் என்று பெயர். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டத்தையும் கூப்பிட்டு, உன் வேகம் என்ன, உன் மேல் அழுத்தம் என்ன என்று விசாரிக்கும். அது பக்கத்துக் கட்டத்தைக் கேட்டுச் சொல்லும். பக்கத்துக் கட்டம் அதற்கடுத்ததைக் கேட்கும். இப்படிக் கேட்டுக் கேட்டு, இனி யாரும் பதிலை மாற்றிக்கொள்வதில்லை என்றானதும் கணக்கு முடிந்தது. பதில் சரி என்று அர்த்தமில்லை. எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். எங்கள் குடும்பத்தில் கல்யாணங்கள் நிச்சயமாவதும் இதே முறையில்தான்.

கப்பலுக்கு இடமும் வலமும் ஒன்று. அதனால் பாதியை மட்டும் கணக்குப் போட்டு, நடுவே கண்ணாடி போல ஒரு சுவரை நிறுத்திவிட்டால் வேலை பாதியாகக் குறையும். படம் காட்டும்போது மறுபாதியைப் பிம்பமாக ஒட்டிக்கொள்ளலாம். உலகம் முழுக்கச் செய்கிற காரியம்தான், தப்பில்லை. மாமா செய்த ஒரே புதுமை, அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கூட்டி வந்தது.

உப்பலில் இருக்கும் அவர்கள் வீட்டு மதில்சுவருக்குத் தெருப்பக்கம் மட்டும் பெயின்ட் உண்டு. உள்பக்கத்தைக் கேட்டால், "அதேதான்" என்பார். கல்யாணப் பந்தியில் பாதி இலை சாப்பிட்டதும் எழுந்து கைகழுவப் போவார், மிச்சமும் அதே ருசிதானே என்று. அத்தை அம்மணி ஒரு சண்டையைத் தொடங்கினால் நடுவில் கையைத் தூக்குவார்.

"புரிஞ்சிடுச்சு. மறுபாதியும் இதேதான?"

"இல்ல. மறுபாதி உங்கம்மாவப் பத்தி" என்பாள் அத்தை.

நாலைந்து தேசங்களைச் சுற்றிவிட்டுப் போன வருஷம் திரும்பி வந்தவள் நான். இப்போது அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். மாமா எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊர்சுத்தி. அதற்கும் தொழிலிலிருந்தே ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

"எங்க சிமுலேஷன்ல கப்பல் நகரவே நகராதும்மா. அது பாட்டுக்கு நிக்கும். தண்ணிதான் எதிர வந்து ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போவும். கணக்கு ஒண்ணுதான். கைக்கு? எதுக்கு இந்த அலைச்சல்? இந்த நாற்காலியில உக்காந்திரு. ஊரே உன்னச் சுத்தி வரும்."

ஊர் வரவில்லை. ஆனால் வார்னிஷ் போன அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்திருக்கவுமில்லை.

எங்கள் ஆட்கள் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மூன்று தலைமுறையாகிறது. கூடும் இடத்திலெல்லாம் முதல் கேள்வி, எங்க வேலை என்பதுதான். ரயில்வே என்றால் தலையாட்டுவார்கள். ஐடி என்றால் எந்தக் கம்பெனி என்பார்கள். யாரோ ஒரு கல்யாணத்தில் இதே கேள்வி மாமாவிடம் வந்தபோது அவர் இருபக்கமும் பார்த்துவிட்டு, "சப்மரீன். மேல கேக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் சிகந்தராபாத்தில் அவர் சப்மரீன் சந்திரமோகன். அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் செல்போனைக் கவிழ்த்து வைப்பார்கள். தேச ரகசியம் பாருங்கள்.

ரகசியத்தை உடைத்தவன் அவர் பெற்ற மகன் வினய். தமிழ் புரியும், வாயைத் திறந்தால் வருவது மட்டும் தெலுங்கோ இந்தியோ இங்கிலீஷோ. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் செல்போனை நீட்டினான்.

"டாடி, நீ சப்மரீன் இதேனா? இதி நெட்லோ உந்தி. ஃப்ரீ டவுன்லோட்."

உன் சப்மரீன் இதுதானா, நெட்டிலேயே கிடக்கிறதே என்கிறான். எட்டிப் பார்த்தேன். மாமாவின் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த அதே சுருட்டு வடிவ நீர்மூழ்கி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பழகட்டும் என்று பொதுவில் வைத்திருக்கும் வடிவம் அது. யாரும் கட்டிக் கடலில் இறக்கப்போவதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் செமஸ்டருக்கு ஒருமுறை அதைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள்.

"நெட்ல இருக்கறது வேற, நான் பண்றது வேற" என்றார் மாமா.

"என்னா வேற?" என்றாள் அத்தை.

"நாங்க பாதி பண்றோம்."

இந்தச் செய்தி மட்டும் ராமசுவாமி காதுக்குப் போய்விடக் கூடாது என்று வினயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ராமசுவாமி அவருடைய சகலை. அத்தையின் அக்கா நாகம்மாவைக் கட்டியவர். பாலாநகரில் விமானத்துக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கிடங்கில் போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டால் "ஏரோநாட்டிக்ஸ்" என்பார். ஆக, ஒரு மாப்பிள்ளை ஆகாயம், ஒரு மாப்பிள்ளை பாதாளம். பூமியில் கால் ஊன்றி நின்றதெல்லாம் அக்காளும் தங்கையும்தான்.

இந்த நிலவரத்தில்தான் பூர்ணா சார் வந்தார்.

ஷாமீர்பேட்டையைத் தாண்டி அவருக்கு ஒரு ரிசார்ட் இருக்கிறது. உள்ளே ஓர் ஏரி. ஏரிக்கு நடுவே ஒரு பாறை, பாறைமேல் சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் கோயில். கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க ஜோடி ஜோடியாக வருகிறார்கள். ஹைதராபாத்தில் எல்லாம் இருக்கிறது, கடல் மட்டும்தான் இல்லை என்பது பூர்ணா சாரின் மனக்குறை. அதற்குப் பரிகாரமாக ஒரு நீர்மூழ்கி கட்டத் தீர்மானித்திருந்தார். நிஜமாக மூழ்காது. மேல்தளம் தண்ணீருக்கு வெளியே இருக்கும். கீழே கண்ணாடி ஜன்னல் வைத்த அறை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும். ஜோடி அங்கே உட்கார்ந்து மீன் பார்க்கும்.

கடலூர்ப் பக்கம், கேரளப் பக்கம் என்று விசாரித்துவிட்டு, உள்ளூரிலேயே சப்மரீன் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ கல்யாணத்தில் கேள்விப்பட்டவர் சொல்லி, நேரே ஹப்சிகுடா மாடிப்படி ஏறிவிட்டார்.

மாமா படம் போட்டுக் காட்டினார். மூக்கில் சிவப்பு, உடம்பில் பச்சை, வாலில் நீலம்.

"மூக்கில் சிவப்பு ஏன்?" என்று தெலுங்கில் கேட்டார் பூர்ணா சார்.

"அங்கே அழுத்தம் அதிகம் சார்."

"பார்க்க அபாயமாக இருக்கிறதே."

"மாற்றிவிடலாம் சார்" என்று மாமா நிற அளவுகோலை இழுத்துவிட்டார். அழுத்தம் அப்படியே இருக்க, நிறம் மட்டும் நீலமானது. ரத்தக் கொதிப்புக்கு இப்படி ஒரு வைத்தியம் இருந்தால் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் பிழைத்திருப்பார்கள்.

பூர்ணா சார் பூரித்துப்போய் எழுந்தார். படியிறங்கும்போது திரும்பி, "சந்திரமோகன் காரு, படகு ஒழுங்காக ஓடட்டும். படகுத்துறையில் கிரானைட் கல் வைத்து உங்கள் பெயரைப் பொன் எழுத்தில் போடுகிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. அத்தை பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லுல போடறாராம்" என்றார் கடைசியில்.

"எத?"

"என் பேர."

அவரைக் கிண்டல் செய்வதுதான் என் பிழைப்பு. ஆனால் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் போட்ட கணக்குகளெல்லாம் கம்பெனி பெயரில் போயின. கப்பல்களுக்கு நதிகளின் பெயரும் மந்திரிகளின் தாயார் பெயரும் வைத்தார்கள். அவரிடம் காட்டுவதற்கு இருந்தது ஒரு பொதுச்சொத்துச் சுருட்டும், 'மேல கேக்காதீங்க' என்ற இரண்டு வார்த்தையும்தான். இப்போது தொட்டுப் பார்க்கும்படி ஒரு கல். மழை பெய்தாலும் அழியாத கல். ராமசுவாமி கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய கல்.

மறுநாளே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் வெள்ளோட்டத்துக்கு வரச்சொல்லிச் செய்தி போனது. படகு அப்போது வரைபடமாகத்தான் இருந்தது.

கணக்கு நடந்தது. வலது பாதி. கட்டங்கள் ஒன்றையொன்று விசாரித்து, ஒத்துப்போய், அடங்கின. மாமா எழுதிக் கொடுத்தார்: படகு மயிரிழையும் விலகாமல் நேராகப் போகும், ஆகவே திருப்புவதற்குச் சின்னச் சுக்கான் போதும். பூர்ணா சாருக்கு மகிழ்ச்சி. பெரிய சுக்கான் போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று அவருக்குக் கவலை இருந்தது.

நேராகப் போகாமல் எப்படி இருக்கும்? பாதியைப் போட்டு நடுவில் கண்ணாடி வைத்துவிட்டால், வலப்பக்கம் என்ன இழுக்கிறதோ அதையே இடப்பக்கமும் இழுப்பதாக ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு மாட்டுவண்டியைப் போட்டாலும் நேராகத்தான் போகும். ஒரு மாடு செத்திருந்தாலும்.

செத்த மாடு அடுத்த மாதம் வந்தது. படகுக்கூடு பாலாநகர் பட்டறையில் பாதி கட்டியிருந்தபோது பூர்ணா சாரின் மனைவி பார்க்கப் போயிருக்கிறார். உச்சியில் ஒரு வட்டத் துவாரம், அதற்குள் செங்குத்தாக இரும்பு ஏணி. "பட்டுச்சேலையும் ஒட்டியாணமும் கட்டிக்கொண்டு எந்தப் பெண் இதில் இறங்குவாள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே படகின் இடது விலாவில் பெட்டி மாதிரி ஒரு கூடு பற்றவைத்து, அதற்குள் அகலமாகப் படிக்கட்டு வைத்தார்கள். பெட்டியின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருக்கும். திருத்திய வரைபடம் மாமாவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாடி, லெஃப்ட் சைட் டிஃபரென்ட் ஹை நா?" என்றான் வினய்.

"அது படிக்கட்டுடா. படிக்கட்டு கப்பல்ல சேத்தி இல்ல."

"பட் வாட்டர்கு தெலீதுகதா அதி?"

தண்ணீருக்குத் தெரியாதே அது படிக்கட்டென்று! பையன் சரியாகத்தான் கேட்டான். மாமா வரைபடத்தைச் சுருட்டினார்.

"லெஃப்ட் நக்கோ, வேணாம். அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

வெள்ளோட்டத்துக்கு இரண்டு வேன் நிறைய ஜனம் போனோம். படகு அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் பெயின்ட், மூக்கில் மாலை, நெற்றியில் குங்குமம். துறையில் கிரானைட் கல்லை மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தார்கள். வெள்ளோட்டம் முடிந்து திரும்பியதும் திறப்பதாக ஏற்பாடு. ராமசுவாமி துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போனார். மாமா மெல்லக் கையைத் தட்டிவிட்டார்.

"இரு சகல. என்னா அவசரம்?"

"இல்ல சகல, பேர சரியா எழுதியிருக்கானான்னு பாக்கறேன். சப்மரீன்ல ஸ்பெல்லிங் கஷ்டம்."

தேங்காய் உடைத்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த அகலப் படிக்கட்டில் இறங்கினோம். பெரியத்தை நாகம்மாவின் காஞ்சிபுரம் சேலை எங்கும் மாட்டவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பச்சை. சுத்தமான, கலப்பற்ற, புதினாச் சட்னிப் பச்சை. மீன் இருந்திருக்கலாம். அதற்கே நாங்கள் தெரிந்திருக்காது.

"என்னாங்க ஒண்ணும் தெரியல?" என்றாள் அத்தை.

"கடலுக்குள்ள இப்படித்தான்" என்றார் மாமா.

கீழே பச்சையைப் பார்த்து அலுத்து, மேல்தளத்துக்கு ஏறி வந்தோம். படகோட்டி எட்வின் மோட்டாரை முடுக்கினான். படகு கிளம்பியது. முதல் கொஞ்ச தூரம் நேராகப் போனது. கரையிலிருந்து கைதட்டல். மாமா கையைக் கட்டிக்கொண்டு, யாரோ படம் எடுப்பதுபோல் முகவாயைத் தூக்கி நின்றார். பிறகு படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. எட்வின் சக்கரத்தை வலப்பக்கம் சுழற்றினான். மூக்கு இடப்பக்கமே போனது. இன்னும் சுழற்றினான். சக்கரம் முடிந்துவிட்டது. படகு பாறையை இடக்கைப்பக்கம் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சுற்றி வந்தது.

"காத்து" என்றார் மாமா.

துறையில் கட்டியிருந்த தோரணம் ஆடாமல் தொங்கியது.

"அப்ப, அடியில ஓட்டம்."

"ஏரியில என்னா ஓட்டம் சகல?" என்றார் ராமசுவாமி. "யாராவது பாத்ரூம் குழாயத் தொறந்து வுட்டுட்டானா?"

அப்போதுதான் பெரியத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு அலறினாள். "அய்யய்யோ, சாமிய இடப்பக்கமா சுத்துதே! அப்பிரதட்சணம்! நிறுத்துங்கப்பா, நிறுத்துங்க!"

படகில் இருந்த அத்தனை பெண்களின் கையும் தாலிக்குப் போனது. கோயிலை வலம் வரலாம், இடம் வரலாமா? பிணம் எடுக்கும் வீட்டில்தான் இடம் வருவார்கள். பாறைமேல் இருந்த பூசாரி முதல் சுற்றில் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டாவது சுற்றில் கையை வலப்பக்கம் ஆட்டி வழிகாட்டினார். மூன்றாவது சுற்றில் துண்டை உதறித் தெலுங்கில் திட்டினார்.

"மூணு முடிஞ்சிது சகல" என்றார் ராமசுவாமி. "எறங்கி சூடம் கொளுத்தலாமா, இல்ல நூத்தியெட்டா?"

மாமாவின் பார்வை துறையிலிருந்த மஞ்சள் துணியின் மேலேயே இருந்தது. படகு சுற்றச் சுற்ற, அந்தத் துணி கண்ணுக்குத் தெரிவதும் பாறைக்குப் பின்னால் மறைவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை மறையும்போதும் அவர் கழுத்து அந்தப் பக்கம் நீண்டது.

கடைசியில் எட்வின் மோட்டாரை நிறுத்தினான். கரையிலிருந்து இரண்டு அன்னப்பட்சிப் படகுகள் வந்தன. காதலர்கள் காலால் மிதித்து ஓட்டுகிற வெள்ளை அன்னங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாகக் கயிறு கட்டி, ஹைதராபாத்தின் முதல் நீர்மூழ்கியை அவை கரைக்கு இழுத்துப் போயின. அன்று சமச்சீராக நடந்த ஒரே காரியம் அதுதான்.

பூர்ணா சார் சத்தம் போடவில்லை. "பர்வாலேது, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கல்லைத் திறக்கவில்லை. வேன் கிளம்பும்போது மாமா ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பி அந்தத் துணியைப் பார்த்தார்.

வேனில் ராமசுவாமி ஓயவில்லை. "சைக்கிள் கேரியர்ல ஒரு பக்கம் மட்டும் பால் கேன் மாட்டுனா இழுக்காம என்னா பண்ணும்? அந்தப் பக்கமும் ஒரு கேன மாட்டு சகல, சரியாப்பூடும்!" எல்லோரும் சிரித்தார்கள். அத்தை கூடச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தார்னாக்கா சிக்னலில் வண்டி நின்றபோது என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா ஊர்சுத்தி, அவன் சொல்றதுல ஏதோ இருக்கில்ல?"

நான் நினைத்தேன், இப்போதாவது முழுப் படகையும் கணக்குப் போடுவார், சுக்கானைப் பெரிதாக்கச் சொல்வார் என்று. மனிதரை நான் இன்னும் பாதிதான் புரிந்து வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து பூர்ணா சாருக்கு ஓர் அறிக்கை போனது. அதில் இங்கிலீஷை மட்டும் திருத்தித் தரச் சொன்னார், அதனால் படித்தேன். சுருக்கம் இதுதான்: எங்கள் கணக்கில் பிழையில்லை. படகுதான் கணக்கிலிருந்து விலகியிருக்கிறது. இடப்பக்கம் உள்ளது போலவே வலப்பக்கமும் ஒரு பெட்டியைப் பற்றவைத்தால் படகு கணக்குக்கு வந்துவிடும்.

"மாமா, படிக்கட்டு இல்லாத வெறும் பெட்டியா?"

"ஹவ், ஆமா. தண்ணிக்குத் தெரியாதே அது படிக்கட்டா இல்லையான்னு" என்றார், வினய் சொன்னதை அவனிடமிருந்து பறித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு.

"கணக்க மாத்தி போட்டுப் பாக்கலாமே?"

"கைக்கு? இப்பதான் அது சரியா இருக்கு!"

கம்பெனி முதலாளிக்கும் இதில் பரம திருப்தி. புதிதாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை. பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு பெட்டி லாபம். பூர்ணா சார் ஒருவர்தான் முனகினார். வலப்பக்கம் பெட்டி வந்தால் இரண்டு ஜன்னல்கள் அடைபட்டுப் போகும். பிறகு அவரே யோசித்தார். ஜன்னலில் தெரிவது புதினாச் சட்னி. அது அடைபட்டால் என்ன? வெறும் பெட்டிக்குள் சுவர் முழுக்கப் பவளப்பாறையும் வண்ண மீன்களும் அச்சடித்த படத்தை ஒட்டி, நீல விளக்குப் போட்டார். இப்போது ஜோடிகள் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஏரியில் மீன் தெரிகிற ஒரே இடம் அது.

இரண்டாம் வெள்ளோட்டத்துக்கு ஒரு வேன்தான். பெரியத்தை, முன்பு சுற்றியதற்குப் பரிகாரமாக மூன்று சுற்று வலம் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். படகு கிளம்பியது. நேராகப் போனது. குண்டூசி போல நேராகப் போனது. மாமா ராமசுவாமியைப் பார்த்தார். ராமசுவாமி ஆகாயத்தைப் பார்த்தார். ஒரே ஒரு சங்கடம், இப்போது படகு நேராக மட்டும்தான் போனது. இரண்டு விலாவிலும் பெட்டி, பின்னால் ஒட்டவைத்தாற்போல் ஒரு சின்னச் சுக்கான். வலம் வர வேண்டிய இடத்துக்கு நூறு அடி முன்பே எட்வின் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கினான். பாறையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் பெரியத்தை ஹனுமான் சாலீசாவை இரண்டுமுறை சொல்லி முடித்தாள்.

"நிதானமா கூட்டிப்போவுது. பக்தியான வண்டி" என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டாள்.

கரைக்கு வந்தோம். பூர்ணா சார் எல்லோரையும் கல்லைச் சுற்றி நிற்கச் சொன்னார். மாமா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். துணியை இழுத்தார்கள்.

கறுப்புக் கிரானைட். நடுவில் செதுக்கிய ஆஞ்சநேயர். நமக்கு வலப்பக்கம் பொன் எழுத்தில், நீரோட்டக் கணக்கு: சந்திரமோகன். இடப்பக்கம் அதே பொன்னில், அதே அளவு எழுத்தில், சமநிலை ஆலோசனை: ராமசுவாமி, ஏரோநாட்டிக்ஸ்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. மாமா பூர்ணா சாரைப் பார்த்தார்.

"ராமசுவாமி காரு போன் செய்தார். பெட்டி யோசனை அவருடையது என்றார். முதலில் ஒரு பக்கம் மட்டும்தான் செதுக்கியிருந்தோம். அந்தப் பக்கம் காலியாக இருந்தது, ஒரு மாதிரி சாய்ந்தாற்போல் தெரிந்தது" என்றார் பூர்ணா சார். பிறகு குழந்தை மாதிரிச் சிரித்தார். "இப்போது பேலன்ஸாக இருக்கிறதில்லையா அண்ணா?"

சாய்ந்து போகிற பொருளுக்கு மறுபக்கமும் ஒன்றை ஒட்டு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவரிடம் போய் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்ல முடியும்?

"ஹவ் சார். பேலன்ஸா இருக்கு" என்றார் மாமா.

ராமசுவாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லை நெருங்கி, இரண்டு பெயர்களையும் விரலால் தடவிப் பார்த்தார். "பரவால்ல சகல. ஆகாயமும் பாதாளமும் ஒரே கல்லுல சேந்துடுச்சு. நம்ம மாமனாருக்குக் கூட இவ்ளோ சந்தோஷம் நம்மளால வந்ததில்ல."

அக்காளும் தங்கையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தபிறகு மாமா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கல்லருகே போய் வலது ஓரமாக நின்று, தன் பெயரின் மேல் கையை வைத்துக்கொண்டார். வெயிலில் சூடேறியிருந்த கல். கையை எடுக்கவில்லை.

"ஒரு போட்டோ எடும்மா. இந்தப் பக்கம் மட்டும் வர்ற மாதிரி."

செல்போனைத் தூக்கினேன். எவ்வளவு ஒதுக்கினாலும் மறுபெயரின் கடைசி எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

"முழுசா எடுத்துடறேனே மாமா? மறுபாதியும் அதேதான?"

மாமா கழுத்தைத் திருப்பிக் கல்லின் இடது பாதியைப் பார்த்தார். நான் அறிந்து அவர் ஒரு பொருளின் இடப்பக்கத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நக்கோ" என்றார். "அது வேற."